தானாக யாரும் வருவதில்லை

வேலை போன பிறகு அகிலனைத் தேடி வந்த முதல் அழைப்பு, சாவுக் காரியம் பார்க்கும் ஒரு சங்கத்திடமிருந்து வந்தது.

பல ஆண்டுகள் ஒரு பெரிய நிறுவனத்தில் இணையச் செயலிகள் எழுதிக்கொண்டிருந்தவன் அவன். ஒரு நாள் காலை எல்லாரையும் வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். "உங்கள் பங்களிப்புக்கு நன்றி" என்று மேலதிகாரி சொல்லி முடிப்பதற்குள் அவனுடைய கணினி பூட்டிக்கொண்டது. அதிலிருந்து ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவனுக்கு அலுவலகம். மனைவி கவிப்ரியா தொடக்கப்பள்ளி ஆசிரியை. காலையில் கிளம்பும்போது, "மத்தியானம் சாப்பிட்ருங்க" என்பதைத் தவிர அவள் வேறொன்றும் சொல்வதில்லை. அதுவே அவனை அரித்தது. ஆகவே அந்திம நற்பணிக் கழகத்தின் செயலாளர் தங்கம் அம்மையார், "தம்பி, நம்ம வெப்சைட்ல ஒரு சின்ன வேலை இருக்கு, வந்து பாக்குறீங்களா?" என்று கேட்டபோது, என்ன வேலை என்று விசாரிக்காமலே சரி என்றுவிட்டான்.

கழகம் தேக்காவுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பூமாலைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. உறவென்று யாரும் இல்லாமல் இந்த ஊரில் இறந்துபோகும் தொழிலாளர்களை எடுத்துப் போடுவதற்காக ஒரு காலத்தில் நாலு பேர் கூடித் தொடங்கியது. இப்போது அதற்குக் குளிரூட்டிய கூட்ட அறை, கண்ணாடி வைத்த வண்டி இரண்டு, முத்து, பவளம், வைரம் என்று மூன்று வகைத் திட்டங்கள், அவற்றைப் பதிவு செய்ய ஓர் இணையதளம் எல்லாம் இருந்தன. சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள். எல்லாப் படங்களுக்கும் மாலை போட்டிருந்தது. அவர்களில் இரண்டு பேர் உயிரோடுதான் இருந்தார்கள்.

இந்நாள் தலைவர் கோவிந்தசாமி தேநீர் கேட்பதற்குக்கூட மேடைத் தமிழில்தான் கேட்பார். செயற்குழு உட்கார்ந்ததும் அவர் எழுந்து நின்றார்.

"மதிப்பிற்குரிய நண்பர்களே! சென்ற ஆண்டு நம் சமூகத்தில் மரணம் குறையவில்லை. ஆயினும் நம் சேவை குறைந்திருக்கிறது. இது எதைக் காட்டுகிறது? நம்மவர்கள் வேறிடம் பார்த்துப் போகிறார்கள் என்பதைக் காட்டுகிறது. இதை நாம் கைகட்டி வேடிக்கை பார்க்கலாமா?"

"கூடாது" என்றார்கள் ஐந்தாறு பேர்.

"ஒரு குடும்பம் நம்மிடம் வருகிறது. அதை அனுப்பிவைத்த நல்ல உள்ளம் எது? நமக்குத் தெரியாது. தெரியாதபோது எப்படிப் பாராட்டுவது? பாராட்டு இல்லாத இடத்தில் தொண்டு எப்படி வளரும்?"

தங்கம் அம்மையார் அகிலன் பக்கம் சாய்ந்து மொழிபெயர்த்தார். "அதாவது தம்பி, மெம்பர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி லிங்க். அந்த லிங்க் வழியா வந்து யார் பேக்கேஜ் எடுத்தாலும், இன்னார் அனுப்பினதுன்னு நமக்குத் தெரியணும். ஆன்லைன்ல செருப்பு விக்கிறவன்லாம் வச்சிருக்கான்லா."

அகிலனுக்கு அது தெரிந்த வேலைதான். செருப்புக்கே செய்திருக்கிறான். ஒருவர் அந்த இணைப்பை அழுத்தினால் அவருடைய பிரவுசரில் சின்னதாக ஓர் அடையாளம் ஒட்டிக்கொள்ளும், பிறகு என்றைக்கு அவர் வந்து வாங்கினாலும் யார் அனுப்பிய ஆள் என்று அது காட்டிக்கொடுக்கும் என்று விளக்கினான். "அப்படி வந்தவர் வாங்கிட்டார்னா, அதைத்தான் கன்வெர்ஷன்னு சொல்வோம்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

"அந்த வார்த்தை மட்டும் வேணாம் தம்பி" என்றார் தங்கம் அம்மையார், குரலைத் தாழ்த்தி. "மதம் மாத்துறதுன்னு யாராச்சும் எடுத்துக்குவாங்க. அப்புறம் போலீஸ் ரிப்போர்ட்டுல போய் நிக்கும்."

அன்று மாலை முழுவதும் சொற்களுக்கே செலவானது. அனுப்பிவைக்கிறவருக்கு 'ஏஜென்ட்' என்று ஒருவர் சொல்லி, மற்றவர்கள் முகம் சுளித்ததால் உடனே மன்னிப்புக் கேட்டார். 'நற்றுணையர்' என்று முடிவானது. கமிஷன் என்ற சொல் அந்தக் கட்டடத்தில் கேட்கவே கூடாது என்றார் தலைவர். கமிஷனுக்குப் 'புண்ணியப் புள்ளி' என்று பெயர் வைத்தார்கள். கன்வெர்ஷன் 'நிறைவேற்றம்' ஆனது. ஒரு மரணத்துக்கு ஒரு நிறைவேற்றம் என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

"அந்த அடையாளம் எவ்வளவு நாள் நீடிக்கும்?" என்று தலைவர் கேட்டார்.

"வழக்கமா முப்பது நாள் வைப்போம் ஐயா."

"முப்பது நாளா? ஒரு நற்றுணையர் இன்று இணைப்பை அனுப்புகிறார். அந்த வீட்டுப் பெரியவர் மேலும் ஒரு வாரம் தாக்குப்பிடித்துவிடுகிறார். நற்றுணையரின் உழைப்பு வீணா? பத்தாண்டு வையுங்கள்."

"பிரவுசர் அவ்வளவு நாள் விடாதுங்க. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்."

"அப்படியானால் அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்குக் கழகத்தின் வருத்தத்தைத் தெரிவித்துக் கடிதம் அனுப்புங்கள்."

கடிதம் அனுப்பப்பட்டது.

கிளம்பும்போது அகிலன் ஒரு சந்தேகம் கேட்டான். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டான். "யாருமே அனுப்பாம, அவங்களே தேடி வந்தா என்ன பண்றது? அந்த இடத்தைக் காலியா விட்டுரலாமா?"

தலைவர் மறுபடியும் எழுந்து நின்றார். "தம்பி, என் பொதுவாழ்வில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. தானாக யாரும் வருவதில்லை. நம் விழாக்களுக்குக் கூட்டம் தானாக வருகிறதா? எனக்கு மாலை தானாக வருகிறதா? ஒவ்வொன்றுக்கும் பின்னால் சொல்லிவைத்த ஒருவர் இருக்கிறார். அந்த இடத்தைக் காலியாக விடுவது அவரை அவமதிப்பதாகும்."

"அப்ப யார் பேரைப் போடறது?"

"அது கொள்கை முடிவு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பார்ப்போம். அதுவரை ஏதாவது ஒரு பெயரைப் போட்டுவையுங்கள்."

அகிலன் சோதனைக்காகத் தன் பெயரிலேயே ஓர் உறுப்பினர் கணக்கைத் திறந்து வைத்திருந்தான். அனுப்பியவர் தெரியாத பதிவெல்லாம் அந்தக் கணக்கில் போய் விழுமாறு எழுதினான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஆண்டுப் பொதுக்கூட்டமும் வந்தது. வண்டியின் திரைச்சீலை ஊதாவா வெள்ளையா என்ற விவாதத்திலேயே நேரம் போய்விட்டதால், காலி இடப் பிரச்சினை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அகிலனும் அதை மறந்துபோனான்.

திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு கழக உறுப்பினர்களுக்கு ஊரார்மீது இருந்த அக்கறை வெகுவாக வளர்ந்தது. காலை வணக்கப் படங்களில் ரோஜாப்பூவுக்குக் கீழே இணைப்பு வந்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சுப் பழப் பையில் கியூஆர் குறியை ஒட்டிக்கொண்டு போனார்கள். தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளில் தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் புரையேறி இருமியபோது, மூன்று மேசைகளிலிருந்து மூன்று பேர் கைப்பேசியோடு எழுந்து வந்தார்கள். ஒரு நற்றுணையர் தன் மாமனாருக்குப் பிறந்தநாள் வாழ்த்தோடு இணைப்பை அனுப்பப்போய், அவருடைய மனைவி மூன்று வாரம் அம்மா வீட்டில் இருந்தார்.

இதெல்லாம் தங்கம் அம்மையார் சொல்லி அகிலனுக்குத் தெரியும். அவர் பெருமையாகத்தான் சொன்னார். அகிலன் கேட்டுக்கொண்டு, பிழைகளைத் திருத்தி, அனுப்பிவிட்டு, கணினியை மூடிவிடுவான். பழைய அலுவலக நண்பர்கள் என்ன செய்கிறாய் என்று கேட்டால், "கம்யூனிட்டி பிளாட்ஃபார்ம் ஒன்னு பண்றேன்" என்பான். மேற்கொண்டு அவர்கள் கேட்டுவிடக்கூடாதே என்று பேச்சை மாற்றுவான்.

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டு லீலா படுத்துவிட்டார்.

லீலாவும் அவர் கணவர் சேதுபதியும் அதே தளத்தில் அடுத்த கதவு. சேதுபதிக்குச் சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் ஷிஃப்ட் வேலை. வாய் அதிகம் திறக்காதவர். லீலா நேர்மாறு. அகிலனுக்கு வேலை போன செய்தி தெரிந்ததிலிருந்து மத்தியானத்தில் அழைப்புமணியை அடித்து, காலி மார்ஜரின் டப்பாவில் நெத்திலி சம்பலோ புளிக்குழம்போ நீட்டுவார். "நிறைய ஆக்கிட்டேன்லா, வீணாப் போயிரும்" என்பார். வேலையைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றிப்போயிருந்தது. பகலில் சும்மா இருந்தவன் அகிலன்தான் என்பதால் தினமும் பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். செய்தித்தாள் படித்துக் காட்டினான். கடைசி வாரத்தில் அவருக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை.

அவர் போன காலை, மருத்துவமனை நடைவழியில் சேதுபதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஒன்னும் ஓடல அகிலன். யாரைக் கூப்பிடணும், என்ன செய்யணும், ஒன்னும் தெரியல. நீ சொல்லு, செய்றேன்."

அகிலனுக்குத் தெரிந்தது ஒரே இடம்தான். யாருடைய புள்ளியும் லீலா அக்கா மேல் ஒட்டிவிடக்கூடாது என்பதற்காக, எந்த உறுப்பினரின் இணைப்பும் இல்லாத, கழக இணையதளத்தின் வெறும் முகவரியைத் தட்டச்சு செய்து சேதுபதிக்கு அனுப்பினான். சேதுபதி கட்டைவிரலால் விவரங்களை நிரப்பினார். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரையில், 'வாழ்த்துகள்! உங்கள் நிறைவேற்றம் வெற்றிகரமாகப் பதிவானது!' என்ற வரி தோன்றியது. மேலிருந்து வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. அகிலன் விலைக்கு வாங்கிப் போட்டிருந்த ஆயத்த வார்ப்புருவில் ஏற்கெனவே இருந்த அலங்காரம் அது. எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தான். சேதுபதி அந்தத் துண்டுகள் எல்லாம் விழுந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டது, தண்ணீர்ப் பெட்டி இறக்கியது, பாடைக்குத் தோள் கொடுத்தது எல்லாம் அகிலன்தான். மண்டாய் தகனச்சாலையிலிருந்து வேனில் திரும்பும்போது சேதுபதியின் சட்டைப் பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அகிலனிடம் நீட்டினார். 'அன்புள்ள சேதுபதி, நீங்களும் நற்றுணையர் ஆகலாம்! உங்களுக்குத் தெரிந்த பத்துப் பேருக்கு இந்த இணைப்பை அனுப்பி, இன்றே புண்ணியம் சேர்க்கத் தொடங்குங்கள்!'

"இது என்ன அகிலன்?"

"ஒன்னுமில்லண்ணே. தானா வர்ற மெயில். அழிச்சிருங்க."

அந்த மின்னஞ்சலின் கடைசி ஆச்சரியக்குறிவரை அவன் அமைத்ததுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சில மாதங்களுக்குப் பிறகு கழகத்தின் நன்றி நவிலும் விழா வந்தது. சிராங்கூன் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு மண்டபம். அந்த ஆண்டில் கழகத்தின் சேவையைப் பெற்ற குடும்பங்கள் எல்லாருக்கும் அழைப்புப் போயிருந்தது. மறைந்தவர்களின் பெயரை மேடையில் வாசித்து மரியாதை செய்வார்கள் என்று அழைப்பில் இருந்ததால், சேதுபதி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அகிலனுக்கும் கவிப்ரியாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

தலைவர் பேசினார். "இந்த ஆண்டு நமக்கு நல்ல ஆண்டு" என்று தொடங்கினார். முன்வரிசைகளில் இருந்த குடும்பங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. "வரும் ஆண்டில் இதைவிடப் பெரிய எண்ணிக்கையில் உங்களைச் சந்திப்போம் என்று நம்புகிறேன். உங்கள் குடும்பங்களும் தொடர்ந்து எங்களுக்கு ஆதரவு தர வேண்டும்."

பிறகு விளக்கை மங்கலாக்கி, திரையில் மறைந்தவர்களின் படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர். பெயருக்குக் கீழே, 'அறிமுகம்' என்று போட்டு ஒரு நற்றுணையர் பெயர். முதல் படத்தில் ஒரு முதியவர். அறிமுகம்: அகிலன். அடுத்தது ஓர் அம்மாள், காது நிறையத் தோடு. அறிமுகம்: அகிலன். அதற்கடுத்தது ஓர் இளைஞன், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று எடுத்த படம். அதற்கும் அறிமுகம் அகிலன்தான்.

அப்போதுதான் அவனுக்கு அந்தச் சோதனைக் கணக்கு ஞாபகம் வந்தது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. லீலாவின் படம் வந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்தது, மஞ்சள் சேலை, வாயில் பாதிச் சிரிப்பு. அறிமுகம்: அகிலன்.

சேதுபதி அசையவில்லை. கவிப்ரியா மட்டும் தலையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள்.

"இந்த ஆண்டின் தலைசிறந்த நற்றுணையர்!" என்று தலைவரின் குரல் ஏறியது. "இருபத்தேழு நிறைவேற்றங்கள்! இந்த இளைஞர் போகாத மருத்துவமனை கிடையாது. இவரோடு பழகிய குடும்பம் நம்மிடம் வந்து சேராமல் இருந்ததில்லை. அமைதியாக இருந்து இத்தனை பேரை அனுப்பிவைத்த அந்த நல்ல உள்ளத்தை மேடைக்கு அழைக்கிறேன்!"

மண்டபம் கைதட்டியது. யாரோ அவனைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். படியேறும்போது தங்கம் அம்மையாரின் காதருகே, "அக்கா, அது டெஸ்ட் அக்கவுண்ட். என் பேர் சும்மா போட்டு வச்சது. நான் யாரையும் அனுப்பல" என்றான்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் தம்பி" என்றார் அவர் சிரித்த முகத்தோடு. "பேர் எம்பிராய்டரி போட்டுச் சால்வை வாங்கியாச்சு."

சால்வையைப் போர்த்தினார்கள். பரிசாக ஒரு பெரிய அட்டையைக் கையில் கொடுத்தார்கள். வைரத் திட்டம், முற்றிலும் இலவசம், அவனுக்கே. இரண்டு ஆண்டுகளுக்குள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. படம் பிடித்தார்கள். பிறகு ஒலிவாங்கியை அவன் வாயருகே நீட்டினார்கள்.

இருபத்தேழு குடும்பங்கள் கீழே உட்கார்ந்திருந்தன. அவன் சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம்கூட இல்லை. வாயைத் திறந்தான்.

"நன்றி" என்றான்.

கீழே இறங்கி வந்தபோது சேதுபதியும் கைதட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகுதான் நிறுத்தினார்.

திரும்பும்போது மூவரும் தோபிகாட்டில் ரயில் மாறினார்கள். சால்வை கவிப்ரியாவின் பைக்குள் இருந்தது. பரிசு அட்டை எந்தப் பைக்குள்ளும் அடங்காததால் அகிலன் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றான். நோவீனா, தோ பாயோ நிலையங்கள் போயின. பிஷானுக்கு அப்பால் சேதுபதி பேசினார்.

"லீலா ஆஸ்பத்திரில இருந்தப்ப தினமும் வந்து உக்காந்திருந்தியே. அதுவும் இதுல சேருமா அகிலன்?"

"ஐயோ, இல்லண்ணே!" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தணித்து, சோதனைக் கணக்கு, காலி இடம், தலைவரின் கொள்கை முடிவு என்று எல்லாவற்றையும் கொட்டினான். மற்றவர்கள் யாரையும் அவன் முகம் பார்த்ததுகூட இல்லை, எல்லாம் பிழை என்றான். சேதுபதி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"ஆனா எனக்கு நீதானே அனுப்பின."

இருபத்தேழில் இருபத்தாறு பிழை. அந்த ஒன்று மட்டும் சரி.

வீட்டுக்கு வந்ததும் கவிப்ரியா சால்வையை எடுத்து மடித்தாள். "இதை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் துணிக்கூடையின் அடியில் வைத்தாள்.

மறுநாளே கழகத்துக்குப் போய், தன் பெயரை நீக்க வேண்டும் என்றான். அவசரக் கூட்டம் கூட்டினார்கள்.

"ஆண்டறிக்கை அச்சாகிவிட்டது" என்றார் தலைவர். "அச்சானதற்குப் பிறகு உண்மையை மாற்றுவது முறையல்ல."

"அதுமட்டுமில்ல தம்பி" என்றார் தங்கம் அம்மையார். "இருபத்தேழு பேரு யாரும் சொல்லாமலே வந்தாங்கன்னு போட்டா, அப்புறம் இத்தனை மெம்பர் என்னதான் பண்ணாங்கன்னு கேப்பாங்கல்லா. இந்த வருஷம் மொத்தமே முப்பத்தொன்னுதான்."

"உங்களுக்குத்தான் புகழில் நாட்டமில்லையே" என்றார் தலைவர், கனிவோடு. "அப்படிப்பட்டவருக்குத் தன் பெயர் அதில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?"

அகிலன் வீட்டுக்கு வந்து, யாரையும் கேட்காமல் நிரலில் அந்த ஒரு வரியை மாற்றினான். அனுப்பியவர் தெரியாத இடத்தில் 'தானாக வந்தவர்' என்று வருமாறு செய்தான். சாயங்காலத்துக்குள் கழகம் அவனுடைய அனுமதியைத் துண்டித்து, வேறொரு நிரல் எழுதுபவரை அமர்த்திக்கொண்டது. செயற்குழு இம்முறை தாமதிக்காமல் கொள்கை முடிவை எடுத்தது. இனிக் காலி இடங்கள் அனைத்தும் தலைவர் கோவிந்தசாமி பெயரில் சேரும். வரும் ஆண்டுக்கான சால்வைக்கு அப்போதே சொல்லிவிட்டார்கள் என்று கேள்வி.

அதற்கப்புறம் அகிலன் சேதுபதியின் ஷிஃப்ட் நேரம் பார்த்து வெளியே போய்வந்தான். மின்தூக்கியில் அவர் குரல் கேட்டால் படியில் இறங்கினான். கவிப்ரியா ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல், "எத்தனை நாளைக்குப் படி இறங்குவீங்க? முட்டி போயிரும்" என்றாள். அன்றைக்கே அடுத்த வீட்டு இரும்புக் கதவைத் தட்டினான்.

சேதுபதி திறந்தார். கையில் கைப்பேசி. "நல்லதாப் போச்சு, வா. இந்த மெயில் நிக்கவே மாட்டேங்குது, பாரேன்." 'அன்புள்ள சேதுபதி, உங்கள் முதல் நிறைவேற்றம் இன்னும் வரவில்லை. சோர்ந்துவிடாதீர்கள்!' வாரத்துக்கு ஒன்று வந்திருந்தது. நிறுத்துவதற்கு வழி அதில் இல்லை. அகிலன் அப்படியொரு வழியை எழுதவேயில்லை. அவன் கைப்பேசியை வாங்கி, அந்த முகவரியைத் தடுத்து, வந்தவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தான். அதற்குள் சேதுபதி இரண்டு குவளை மைலோ கலக்கி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, என் பேரை எடுத்துட்டேன். வேலையும் போச்சு."

"ம்."

"எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலண்ணே."

சேதுபதி குவளையைக் கையில் எடுத்தார். "பேரு வந்தது மிஷின் பண்ணது. அதுக்கு நீ என்ன பண்ணுவ. லிங்க் அனுப்பினதும் தப்பில்ல, நான்தான கேட்டேன்." ஒரு வாய் குடித்தார். "ஆனா மைக்கைக் கையில குடுத்தாங்கல்ல. நீ தேங்க்ஸ் சொன்ன பாரு. அதான் எனக்கு இறங்கவே மாட்டேங்குது."

அகிலன் தலை கவிழ்ந்தான். தன்னைப் பற்றி அவனே இத்தனை நாளாகச் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் விட்ட இடம் அதுதான்.

"மத்தவங்ககிட்டச் சொல்லிட்டியா?" என்று சேதுபதி கேட்டார்.

"யார்கிட்ட?"

"அன்னிக்கி வந்திருந்தாங்கல்ல, குடும்பம் குடும்பமா. அவங்களும் உன்னை நெனச்சுக்கிட்டுத்தான இருப்பாங்க."

தேடிப் போவது கடினமாக இல்லை. இறந்தவர்களின் பெயரோடு வீட்டு முகவரியையும் கழகம் ஆண்டறிக்கையில் அச்சிட்டிருந்தது. தனிப்பட்ட தகவலுக்குப் பாதுகாப்பு என்ற ஒன்று உண்டு என்பது அங்கே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

முதல் வீடு மார்சிலிங்கில், ஒரு நீண்ட தளத்தின் கோடியில் இருந்தது. காது நிறையத் தோடு போட்டிருந்த அந்த அம்மாளின் வீடு. இரும்புக் கதவு பூட்டியிருந்தது, மரக்கதவு திறந்திருந்தது. உள்ளே அதே முகச் சாயலில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அவள் முகம் மாறியது.

"நீங்க... அன்னிக்கி சால்வை வாங்கினவருதானே?"

"ஆமாங்க. என் பேரு அகிலன். உங்களைப் பாத்து ஒன்னு சொல்லிட்டுப் போலாம்னு..."

அவள் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஹாலைத் தாண்டி உள்ளே இருந்த அறையில் ஒரு கட்டில் தெரிந்தது, கட்டிலில் போர்வையும் போர்வைக்கு வெளியே மெலிந்த ஒரு பாதமும் தெரிந்தன. அவள் விரைந்து போய் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, அதன் குறுக்கே நிற்பதுபோல் நடு ஹாலில் நின்றாள்.

"இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்ணே. ஒன்னும் வேணாம்."

"அதுக்கு வரலைங்க. உங்க அம்மா படத்துக்குக் கீழ என் பேரு தப்பா வந்துருச்சு. அவங்களை எனக்குத் தெரியவே தெரியாது. அன்னிக்கி மேடையில அதைச் சொல்லியிருக்கணும். சொல்லாம நன்றின்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் காதில் அதில் எவ்வளவு விழுந்தது என்று தெரியவில்லை. அவள் பார்வை அவன் கையில் இருந்த கைப்பேசி மேலேயே இருந்தது. அவன் அதைப் பைக்குள் போட்டான்.

"சரிண்ணே. போய்ட்டு வாங்க" என்றவள், உடனே அவசரமாக, "வராதீங்க" என்று திருத்தினாள். மரக்கதவைச் சாத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளறையிலிருந்து கிழட்டுக் குரல் ஒன்று கேட்டது. "யாரு புள்ள அது?"

"யாருமில்ல அத்தே. வீடு மாறி வந்துட்டாங்க."

சாத்திய கதவுக்கு வெளியே நின்று அகிலன் பையிலிருந்து ஆண்டறிக்கையை எடுத்து, அடுத்த முகவரியைப் பார்த்தான். பிறகு மின்தூக்கியை நோக்கி நடந்தான். அடுத்த வீடு உட்லண்ட்ஸில் இருந்தது.